பொருநையின் இரண்டு இலக்கணங்கள்

1548இல் முத்துக்குளித்துறையிலிருந்து தன் சபைத் தலைவர்களுக்குக் கடிதம் எழுதிய இளம் துறவி ஒருவர், தமிழ் கற்பதற்காகத் தானே ஓர் இலக்கணம் போல எழுதி வைத்துக்கொண்டதாகச் சொல்கிறார். பெயர்ச்சொல் எப்படி வேற்றுமை ஏற்கிறது, வினைச்சொல் காலத்துக்குக் காலம் எப்படி மாறுகிறது என்று குறித்துக் குறித்துப் படித்திருக்கிறார். அவருக்கு அப்போது 28 வயது. போர்த்துக்கல்லின் வீலா விசோசா ஊர்க்காரர். ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் என்ற பெயர் தமிழர் வாயில் அண்டிரிக் அடிகளார் ஆயிற்று. பொருநை எனப்படும் தாமிரபரணி கடலில் விழும் புன்னைக்காயல்தான் பிறகு அரை நூற்றாண்டுக் காலம் அவருடைய இருப்பிடம்.

புன்னைக்காயலிலிருந்து ஆற்றை எதிர்த்து மேற்கே போனால், நேர்கோட்டில் இருபது கிலோமீட்டருக்குள், ஆழ்வார்திருநகரி. பழைய பெயர் குருகூர். நம்மாழ்வாரின் ஊர். அதே 16ஆம் நூற்றாண்டில் அங்கேயும் ஒருவர் இலக்கணம் எழுதினார். திருக்குருகைப்பெருமாள் கவிராயர். மாறனலங்காரம், மாறனகப்பொருள், மாறன் பாப்பாவினம் என்று அணிக்கும் அகப்பொருளுக்கும் யாப்புக்கும் தனித்தனி நூல் செய்தவர். மாறன் என்பது நம்மாழ்வாரின் பெயர். குருகூரின் தலபுராணமான குருகாமான்மியமும் அவர் இயற்றியதே.

ஒரே ஆறு, ஒரே நூற்றாண்டு, இரண்டு இலக்கண ஆசிரியர்கள். இருவரும் சந்தித்ததற்குச் சான்று ஏதுமில்லை. ஒருவர் நூல் மற்றவர் கைக்குப் போயிருந்தாலும் பயன்பட்டிருக்காது. அடிகளாருக்கு வேண்டியது மீனவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதற்கான தமிழ். கவிராயருக்கு அந்தத் தமிழ் தாய்ப்பாலோடு வந்தது. அவர் தேடியது அதன் உச்சியில் என்னென்ன செய்யலாம் என்பதை. ஆனால் இருவரும் தமிழைத் தத்தம் கடவுளுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தத்தான் இலக்கணம் எழுதினார்கள். ஐரோப்பாவின் மறுமலர்ச்சிக் காலத்தைப் பற்றிப் பேசும்போது நாம் ஓவியர்களையும் மாலுமிகளையும் சொல்கிறோம், இலக்கணக்காரர்களை விட்டுவிடுகிறோம். அந்தக் காலத்தைத் தாமிரபரணிக் கரையிலிருந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுபவர்கள் அவர்கள்தான்.

கொலம்பஸ் மேற்கே பாய் விரித்த அதே 1492இல்தான் ஸ்பெயினில் அந்தோனியோ தே நெப்ரிஹா காஸ்தீலிய மொழிக்கு இலக்கணம் வெளியிட்டு அரசி இசபெல்லாவுக்குக் காணிக்கையாக்கினார். அதுவரை இலக்கணம் என்றாலே இலத்தீன். வீட்டில் பேசும் மொழிக்கும் இலக்கணம் உண்டு என்பது அன்று ஐரோப்பாவுக்குப் புதுச் செய்தி. போர்த்துக்கீசிய மொழிக்கு 1536இல் பெர்னாவ் தே ஒலிவேராவும் 1540இல் ஜோவாவ் தே பாரோசும் இலக்கணம் எழுதினார்கள். இந்தப் பாரோசு வெறும் இலக்கண ஆசிரியர் அல்லர். லிஸ்பனில் இந்திய வணிகத்தைக் கவனித்த அரசு அலுவலகத்தின் அதிகாரி. ஆசியாவில் போர்த்துக்கீசியர் செய்த கடற்பயணங்களையும் போர்களையும் பற்றிய பெருவரலாற்றின் முதல் பகுதியை 1552இல் வெளியிட்டவர். இந்தியாவைக் கண்ணால் பார்க்காமலே மாலுமிகளின் அறிக்கைகளையும் கடிதங்களையும் வைத்து எழுதினார். கடல்வழியும் இலக்கணமும் ஒரே மேசையில் இருந்தன. அண்டிரிக் அடிகளார் தமிழுக்கு இலக்கணம் எழுத உட்கார்ந்தபோது முன்மாதிரியாகக் கையில் இருந்தவை இலத்தீன் இலக்கணமும் பாரோசின் நூலும்.

இதில் நம் பக்கத்து வேடிக்கை ஒன்றும் உண்டு. தாய்மொழிக்கு இலக்கணம் என்ற எண்ணம் ஐரோப்பாவை வியப்பில் ஆழ்த்திய நாளில், குருகூர்க் கவிராயருக்குப் பின்னால் ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட தமிழ் இலக்கண மரபு வரிசையாக நின்றது. அவருக்கு இருந்த சிக்கல் வேறு. எல்லாம் ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டது. புதிதாக என்ன சொல்வது?

அவர் கண்ட விடையைப் பார்ப்பதற்கு முன் கடற்கரைக்கு யார் யார் எப்படி வந்தார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் துறைமுகத்தைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போனது. சங்ககாலக் கொற்கை உள்நாட்டு ஊராகி, காயல் துறைமுகமாயிற்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ காயலின் குதிரை வணிகத்தையும் முத்தையும் எழுதிவைத்தார். 1516 வாக்கில் போர்த்துக்கீசிய அதிகாரி துவார்த்தே பர்போசா எழுதிய நூலிலும் காயல் வருகிறது. மாலுமிகளை இழுத்தது முத்து. அந்த முத்தைக் கடலடியிலிருந்து எடுத்தவர்கள் பரதவர். முத்துக் குளிக்கும் உரிமை யாருக்கு என்பதில் முஸ்லிம் வணிகர்களோடு மூண்ட பூசலில் பரதவர் போர்த்துக்கீசியக் கப்பற்படையின் காவலை நாடினார்கள். 1530களின் நடுவில் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். இதை மனமாற்றம் என்பதைவிட அரசியல் உடன்படிக்கை என்பதே பொருந்தும். மதம் பிறகுதான் மெல்ல வந்து சேர்ந்தது.

அதைக் கொண்டுவந்து சேர்த்தவர்களில் முதல்வர் பிரான்சிஸ் சவேரியார். மைக்கேலாஞ்சலோவின் 'இறுதித் தீர்ப்பு' ஓவியம் 1541இல் சிஸ்டைன் ஆலயத்தில் திறக்கப்பட்டபோது பீடத்தில் இருந்த போப் மூன்றாம் பால்தான், அதற்கு முந்திய ஆண்டு இயேசு சபைக்கு ஒப்புதல் அளித்தவரும். சபை தொடங்கி இரண்டே ஆண்டில், 1542இல், சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். அவருக்குத் தமிழ் வராது. செபங்களை மொழி தெரிந்தவர்களை வைத்துத் தமிழில் மாற்றி, மனப்பாடம் செய்து, கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். இருநூறுக்கும் மேற்பட்ட பிராமணர்கள் இருந்த கோயில் ஒன்றுக்குப் போய் அவர்களோடு வாதிட்டதைக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அது திருச்செந்தூர் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

1544இல் விசயநகரத் தளபதி விட்டலராயரின் படை தெற்கே இறங்கியது. குதிரை வீரர்களுக்கு அஞ்சிய கிறித்தவப் பரதவர்கள் கன்னியாகுமரிப் பக்கம் கடற்பாறைகளில் ஏறிப் பசியிலும் தாகத்திலும் கிடந்தார்கள். மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவு ஏற்றிப் புறப்பட்ட சவேரியார் எதிர்க்காற்றில் போய்ச் சேர முடியாமல் திரும்பினார். இந்தச் செய்தியைக் கிறித்தவ வரலாறு ஒரு பக்கமாகவும் கோயில் வரலாறு இன்னொரு பக்கமாகவும் சொல்லும். கடற்கரையில் அச்சமூட்டிய அதே விசயநகர ஆட்சிதான் ஆற்றங்கரைக் கோயில்களுக்கு மண்டபமும் மானியமும் கொடுத்தது. ஒரே ஆட்சியின் கீழ் ஆற்றின் மேற்பகுதியில் கோபுரம் உயர்ந்தது, கடைமடையில் குடிசை எரிந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் அந்த நூற்றாண்டைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம்.

மண்டபம் என்றதும் கிருஷ்ணாபுரம்தான் நினைவுக்கு வரும். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் ஆழ்வார்திருநகரிக்கு முன்னாலேயே வந்துவிடும் ஊர். மதுரையில் 1564 முதல் 1572 வரை ஆண்ட கிருஷ்ணப்ப நாயக்கர் எழுப்பிய வேங்கடாசலபதி கோயில் அது. விசயநகரப் பேரரசர் சதாசிவராயர் பெயரில் 1567இல் அளிக்கப்பட்ட செப்பேடு கோயிலுக்கான நிலக்கொடையைச் சொல்கிறது. முன்மண்டபத் தூண்களில் ஆளுயரச் சிற்பங்கள்: நாகக்கணையோடு நிற்கும் கர்ணன், தாடி வளர்த்துத் தவக்கோலத்தில் அர்ச்சுனன், அன்னத்தின் மேல் ரதி, அரசகுமாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடும் குறவன். தூணும் சிற்பமும் ஒரே கல். குறவனின் அருகில் போய்ப் பாருங்கள். ஓடுகிறவனின் இறுகிய விலா, தோளில் இருப்பவளின் எடை ஒரு பக்கமாய் இறங்குவது, விரல் நகம் வரை எல்லாமே கருங்கல்லில். பளிங்கை இழைப்பதைப் போல் கருங்கல்லை இழைக்க முடியாது. உளி ஒரு நூல் பிசகினால் சில்லு தெறித்துவிடும்.

மைக்கேலாஞ்சலோ இறந்த ஆண்டு 1564. கிருஷ்ணப்பர் பட்டத்துக்கு வந்த ஆண்டும் அதுவே. தற்செயல்தான், இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இத்தாலியில் வசாரி 1550இலேயே கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்து அச்சிட்டுவிட்டார். யார் யாருடைய மாணவர், யாருக்கு யார் மேல் பொறாமை, யார் கூலி பாக்கி கேட்டுச் சண்டை போட்டார் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். கிருஷ்ணாபுரத்துக் குறவனைச் செதுக்கியவரின் பெயர் நமக்குத் தெரியாது. கொடுத்தவர் பெயர் செப்பேட்டில் இருக்கிறது, செய்தவர் பெயர் இல்லை. இதைத் தன்னடக்கம் என்று புகழ்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் புகழ்ச்சியில் உடன்பாடில்லை. பெயரைப் பொறிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதைத்தான் இது காட்டுகிறது.

கவிராயரின் நிலை வேறு. அவர் பெயரும் நூல்களும் கிடைக்கின்றன. ஆனால் அவரும் ஒரு வகையில் பின்னால் போய் நின்றுகொண்டவர்தான். மாறனலங்காரத்துக்கு அடிப்படை தண்டியலங்காரம். தண்டி 35 பொருளணிகளைச் சொன்னார்; கவிராயர் அதை 64 ஆக்கினார். ஒவ்வொன்றுக்கும் எடுத்துக்காட்டு வேண்டுமல்லவா? அவரே பாடிக்கொண்டார், நம்மாழ்வாரையும் திருமாலையும் அவர்கள் தலங்களையும் பொருளாக வைத்து. அணியைக் கற்க உட்காரும் மாணவன் உவமை எது, வேற்றுமை எது என்று படித்துக்கொண்டே ஆழ்வாரைத் துதித்து முடித்துவிடுவான். தலைப்பில் மாறன், எடுத்துக்காட்டில் மாறன். பாடநூலே தோத்திர நூலாகவும் இருக்கிறது. எல்லாம் சொல்லப்பட்டுவிட்ட துறையில் அவர் கண்ட புதுமை இது.

சொல்லணியில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். நாகபந்தம், முரசபந்தம், பதுமபந்தம், இரதபந்தம் என்று பாட்டைப் படமாக எழுதும் சித்திரகவி வகைகள். நாகபந்தத்தை எடுத்துக்கொள்வோம். பின்னிக் கிடக்கும் பாம்புகளை முதலில் வரைய வேண்டும். உடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கட்டத்துக்கு ஓர் எழுத்தாகப் பாட்டை நிரப்ப வேண்டும். உடல்கள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரே எழுத்துத்தான் இருக்கும். அது இந்தப் பாம்பின் பாட்டிலும் பொருந்த வேண்டும், அந்தப் பாம்பின் பாட்டிலும் பொருந்த வேண்டும். யாப்பும் கெடக்கூடாது. இந்த வித்தையைப் பிற்கால விமரிசகர்கள் பலர் வெறும் சொற்சிலம்பம் என்று ஒதுக்கினார்கள். கவிதை என்ற அளவில் அதில் நியாயம் உண்டு. ஆனால் நாயக்கர் காலத்துக் கல்தச்சர் கருங்கல்லில் செய்து காட்டியதையே கவிராயர் எழுத்தில் செய்து பார்த்தார் என்று கொண்டால் அந்த நூற்றாண்டின் ருசி என்னவென்று பிடிபடும். செய்ய முடியாததைச் செய்து காட்டுவதில் அப்போது எல்லோருக்கும் ஓர் ஆவல் இருந்தது.

கவிராயர் தனியாள் அல்லர். குருகூர் அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தன் மறுமலர்ச்சியைக் கண்டுவிட்ட ஊர். 14ஆம் நூற்றாண்டுப் படையெடுப்புகளின் போது ஆழ்வார் திருமேனியை மேற்கே மலைநாட்டுப் பக்கம் கொண்டுபோனார்கள் என்றும், ஊர் காடு மண்டிக் கிடந்தது என்றும், திருவாய்மொழிப்பிள்ளை காடு திருத்தி ஆழ்வாரை மீண்டும் எழுந்தருளச் செய்தார் என்றும் வைணவ மரபு சொல்கிறது. அவருடைய மாணவர் மணவாள மாமுனிகள், 1370இல் பிறந்தவர், திருவாய்மொழிக்கான ஈட்டு வியாக்கியானத்தைத் திருவரங்கத்தில் ஓராண்டு முழுக்க விரித்துரைத்தவர். ஆழ்வாரின் திருமேனியே தாமிரபரணி நீரைக் காய்ச்சியதில் கிடைத்தது என்பதும் இவ்வூர் மரபு. வைகாசியில் ஒன்பது திருப்பதிப் பெருமாள்களும் கருடன் மேல் ஏறி இங்கே வருவார்கள். ஆழ்வார் அன்ன வாகனத்தில் எதிர்கொண்டு பாடுவார். குல்லாய் தரித்துத் தாளம் தட்டி அரையர்கள் பாசுரத்தைப் பாடி அபிநயித்து உரையும் சொல்லும் அரையர் சேவை இன்றும் தொடரும் சில ஊர்களில் இதுவும் ஒன்று. நூல் இங்கே அலமாரியில் இருக்கும் பொருளாக இருந்ததில்லை. கேட்டு, பாடி, உரைத்து, பிரதி எடுத்துக் கைமாறிக்கொண்டே இருந்தது.

ஆற்றின் முகத்துக்குத் திரும்புவோம். 1547இல் கடற்கரைக்கு வந்த அண்டிரிக் அடிகளார் சில மாதங்களிலேயே மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேசத் தொடங்கினார். 1549இல் வேதாளையில் முன்னைத் தலைவர் அந்தோனியோ கிரிமினாலி கொல்லப்பட்டதும் முத்துக்குளித்துறைப் பணியின் தலைமை இவரிடம் வந்தது. தன்னோடு இருந்த துறவிகள் தங்களுக்குள்ளும் தமிழில்தான் பேச வேண்டும், தவறுகிறவர் தண்டனை ஏற்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். கடற்கரையில் போர்த்துக்கீசியர் நான்கு பேர் எதிரெதிரே உட்கார்ந்து வாய்க்கு வராத ழகரத்தோடு மல்லுக்கட்டும் காட்சியை நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் ஓர் ஆட்சிமொழியின் ஆட்கள் மீனவரின் மொழிக்குள் இப்படி வலிந்து நுழைந்தது அந்தக் காலத்தில் அபூர்வம்.

அடிகளார் யார் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் யூத வழி வந்த குடும்பத்தவர். கட்டாயத்தில் கிறித்தவராக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்களைப் போர்த்துக்கல் 'புதுக் கிறித்தவர்' என்று ஒதுக்கியது. அந்தப் பிறப்பைக் காட்டியே பிரான்சிஸ்கன் சபை அவரை வெளியே அனுப்பியது. 1545இல் இயேசு சபை ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டே கோவாவுக்குக் கப்பல் ஏறினார். 1560இல் அதே கோவாவில் புதுக் கிறித்தவர்களை விசாரிக்கும் திருச்சபை நீதிமன்றம் அமைந்தது. ரத்தத்தில் தூய்மை பார்த்த மதத்தில் பிறப்பால் சந்தேகத்துக்குரியவர். அவர் வேலை செய்ததோ சாதியில் தாழ்த்திவைக்கப்பட்ட கடற்குடிகளிடையே. ஆற்றின் மேலே, வேளாளர் குலத்தில் பிறந்த ஆழ்வாரைப் பிராமணரான மதுரகவி குருவாக ஏற்ற கதையை ஆண்டுதோறும் பாடும் ஊரிலும் சாதிப்படி அப்படியே இருந்தது. இரண்டு பக்திகளும் பிறப்பை வெல்ல முயன்றன, பாதி தூரம்தான் போயின.

அவருடைய தமிழ் இலக்கணம் அச்சேறவில்லை. கையெழுத்தாகவே லிஸ்பன் போய் தேசிய நூலகத்தில் தங்கிவிட்டது. ஆனால் அடிகளாரின் மற்ற நூல்கள் அச்சேறின. 1554இல் லிஸ்பனில் தமிழ்ச் செபநூல் ஒன்று ரோமன் எழுத்தில் வெளிவந்திருந்தது. அதில் அவருக்குப் பங்கில்லை. தமிழைத் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டவர் இவர். 1578 அக்டோபரில் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்', 16 பக்கம். இந்திய மொழி ஒன்று தன் சொந்த எழுத்தில் அச்சான முதல் நூல் அது. கோவாவில் 1577இல் வார்த்த எழுத்துகளையும் கொல்லத்தில் 1578இல் வார்த்த எழுத்துகளையும் கடைசிப் பக்கத்தில் வரிசையாகக் காட்டியிருக்கிறார்கள், கொல்லன் தன் வேலைப்பாட்டைக் கடை வாசலில் பரப்புவது போல. மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. ஏட்டில் குத்தினால் ஓலை கிழியும் என்று எழுத்தாணி பிடித்தவர்கள் விட்டுவிட்ட புள்ளியை, கிழிவதற்கு ஓலையே இல்லாத உலோக அச்சும் விட்டுவிட்டது. அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்'. 1586இல் புனிதர் வரலாறுகளைத் திரட்டிய 'அடியார் வரலாறு', புன்னைக்காயலில் அச்சானதாகக் கருதப்படுவது, அறுநூறு பக்கத்துக்கும் மேல். அச்சுச் செலவுக்குப் பணம் தந்தவர்கள் பரதவர்கள். முத்தெடுத்த காசில் அச்சான நூல்கள் இவை.

இந்தப் பெருமையைத் தமிழ் மேடைகளில் அடிக்கடி கேட்கலாம். இந்தியாவிலேயே முதலில் அச்சேறிய மொழி என்று கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அந்த அச்சுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. ஒன்றும் ஆகவில்லை. 1600இல் அடிகளார் இறந்தார். அச்சு வேலையைத் தொடர ஆளில்லை. புன்னைக்காயலைத் தூத்துக்குடி பின்னுக்குத் தள்ளியது. 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனது. நடுவே 1679இல் அம்பலக்காட்டில் அச்சான புரோயென்சாவின் அகராதி போன்ற ஓரிரு முயற்சிகள் நீங்கலாக, தமிழ் அச்சு மறுபடி உயிர்பெற 18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடிக்கு சீகன்பால்கு வரவேண்டியிருந்தது. அடிகளாரின் அச்சுநூல்கள் தமிழ்நாட்டிலிருந்தே மறைந்து போயின. 'அடியார் வரலாறு' வத்திக்கான் நூலகத்திலும், 'தம்பிரான் வணக்கம்' கடல் கடந்து ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலும் கிடந்தன. 1954இல் வத்திக்கானில் அந்தப் புனிதர் வரலாற்றைக் கண்டு தமிழுலகுக்குச் சொன்னவர் தனிநாயகம் அடிகள். இலங்கையில் பிறந்தாலும் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்தவர். 1967இல் ச. இராசமாணிக்கம் அடிகள் பதிப்பித்தபிறகுதான் அது தூத்துக்குடிக்கே திரும்பி வந்தது. 381 ஆண்டு.

கவிராயரின் நூல்களோ அக்காலம் முழுவதும் ஓலையிலேயே இருந்தன. பூச்சி அரிக்கும், ஈரம் பட்டால் ஒட்டிக்கொள்ளும் ஓலை. ஆனாலும் காணாமல் போகவில்லை. காரிரத்தினக் கவிராயர் மாறனலங்காரத்துக்கு உரை எழுதினார், மாணவர்கள் படித்தார்கள், ஏடு தேய்ந்ததும் வேறு ஏட்டில் படி எடுத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரைத் தமிழ்ச்சங்கம் அதை அச்சுக்குக் கொண்டுவந்தது. அச்சு காப்பாற்றும், ஓலை அழியும் என்பது நாம் எல்லோரும் பள்ளியில் படித்த பாடம். தாமிரபரணியில் நடந்தது அதற்கு நேர்மாறு. நூற்றுக்கணக்கில் அடித்தாலும் அச்சுப்பிரதியைப் பிறகு மறுபடி அடிக்க ஒரு நிறுவனம் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும், அரசு வேண்டும். ஓலைக்கு ஒரு வீடு போதும், அந்த வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று இருந்தால்.

அப்படிப்பட்ட வீடுகள் ஆழ்வார்திருநகரியில் இருந்தன என்பதற்கு உ.வே.சாமிநாதையரே சாட்சி. 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பிப்பதற்கு முன் நல்ல பிரதி தேடி அலைந்தவர், இங்குள்ள கவிராயர் வீடுகளுக்கு வந்தார். லட்சுமண கவிராயர் வீட்டில் தங்கி, சுவடிக் குவியல்களைப் புரட்டிப் பார்த்தும் தேடியது அகப்படவில்லை. ஒரு நாள் இரவு வீதியில் ஆழ்வார் எழுந்தருளியபோது அவரிடமே முறையிட்டதாக எழுதுகிறார். அதன் பிறகு கவிராயர் மேலாடையில் மறைத்து ஒரு சுவடி கொண்டுவந்து கொடுத்தார், அவருடைய மாமனார் தேவர்பிரான் கவிராயர் வீட்டிலிருந்து. பிரித்ததும் கண்ணில் பட்டது முல்லைப்பாட்டு. சைவர் ஒருவர் சங்க நூலுக்காக வைணவ ஆழ்வாரிடம் வேண்டியதும், வைணவக் கவிராயர் வீடு பக்திப் பாடல் அல்லாத பாட்டையும் காத்து வைத்திருந்ததும் கவனிக்க வேண்டிய செய்திகள். பக்திக்காகத் தொடங்கிய பழக்கம், பக்தி இல்லாத நூலையும் சேர்த்துக் காத்திருக்கிறது.

இதை வைத்து ஓலை மரபைத் தூக்கிவைத்துக் கொண்டாடிவிடக் கூடாது. திருநெல்வேலிச் சீமையின் மேற்கே தென்காசியில் அதே 16ஆம் நூற்றாண்டில் அதிவீரராம பாண்டியன் நைடதம் பாடினான். அவன் உறவினன் வரதுங்கராம பாண்டியனும் புலவன், இருக்கை கரிவலம்வந்தநல்லூர். அவன் சேர்த்த நூலகம் கோயில் வசம் இருந்ததைக் கேள்விப்பட்டு உ.வே.சா. அங்கும் போனார். பழைய ஏடுகளை என்ன செய்வதென்று தெரியாமல், ஆகமத்தில் சொல்லியிருக்கிறது என்று நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதாகப் பதில் கிடைத்தது. அரசனின் நூலகம் எரிந்தது, கவிராயர் வீட்டுச் சுவடி பிழைத்தது. ஓலையிலும் பிழைத்தது ஓலையால் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

லிஸ்பனில் கிடந்த தமிழ் இலக்கணத்தை ஹான்ஸ் பெர்மீர் 1982இல் ஹைடல்பர்கில் பதிப்பித்தார். ஜீன் ஹெய்னும் வி.எஸ். ராஜமும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் வந்தது. இலத்தீன் சட்டத்துக்குள் தமிழ் வினைகளை அடக்கப் படும் பாடு பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. கணக்கில் அடங்காத வடிவங்களை அடிகளார் கேட்டபடியே குறித்துக்கொள்கிறார். ஏட்டு வழக்கும் கடற்கரைப் பேச்சும் கலந்து வருகின்றன. ஆளுக்கு ஆள் மாறும் பேச்சு வடிவங்களைக் குறிப்பது குருகூர் இலக்கணக்காரரின் வேலை அல்ல. அவருடைய இலக்கணம் வழுவில்லாத தமிழுக்கானது. 16ஆம் நூற்றாண்டில் பொருநை முகத்துவாரத்தில் வலை இழுத்தவர்களும் மீன் விற்றவர்களும் எப்படிப் பேசினார்கள் என்று தெரிய வேண்டுமானால் லிஸ்பன் கையெழுத்துச் சுவடியைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. மாறனலங்காரத்தில் அவர்கள் குரல் கேட்காது.